திறக்கும் முன் அறிக: பழைய டிஜிட்டல் கேமராவும் இல்லத்துப் பழுதுநீக்கமும்

(உரையின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல் என்றதும் எவர் நினைவுக்கும் முதலில் வருவது பூட்டு. திண்டுக்கல்லிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே செய்யப்பட்டு வரும் அப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தகட்டை வெட்டி, அரத்தால் அராவி, உள்ளே நெம்புத் தகடுகளை அடுக்கி, அவற்றுக்கு இசைந்த சாவியையும் அமைத்துத் தருவது அத்தொழிலாளரின் கைத்திறன். தொழில் தெரிந்தவரிடம் திறக்காத பூட்டு ஒன்று வந்தால், அவர் எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்குவதில்லை. சாவி தேய்ந்ததா, துவாரத்தில் தூசி அடைத்ததா, எண்ணெய் வற்றியதா, உள்ளிருக்கும் வில் ஒடிந்ததா என்று வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக ஆராய்வார். அந்த ஆராய்ச்சி முடிந்த பிறகே பூட்டைப் பிரிப்பதா என்னும் கேள்வி எழும்.

இந்த நெறியைச் சிறிய மின்னணுக் கருவி ஒன்றுக்கு எவ்வாறு பொருத்துவது என்பதே இவ்வுரையின் பொருள். எடுத்துக்கொண்ட கருவி, விலை குறைந்த, பிறர் பயன்படுத்திக் கைவிட்ட டிஜிட்டல் கேமரா.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றை ஒட்டி அமைந்த பேரூர் தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களால் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரில் ஓர் இல்லத்துக்குப் பழைய கேமரா ஒன்று வந்து சேர்கிறது என்று கொள்க. உறவினர் கொடுத்ததாக இருக்கலாம். பழைய பொருள் கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியதாகவும் இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் உயிர் வருவதில்லை. வந்தாலும் உடனே அணைந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் குப்பையில் போடச் சொல்கிறார். மற்றொருவர் திருப்புளியை எடுத்து வருகிறார். இரண்டுமே அவசரச் செயல்கள். அவ்விரண்டுக்கும் இடையில் செய்யத்தக்கவை பல உள்ளன.

கருவி வந்த வழி

கையிலிருக்கும் பொருளின் வரலாற்றை அறிந்தால் அதன்மீது மதிப்புத் தோன்றும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் சிசிடி எனப்படும் ஒளியுணர் சில்லுக்கு அடிகோலினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாமல் படம் பிடிக்கும் முதற்கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள அக்கருவி, பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று பழைய பொருள் கடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் கேமராவில் அதனினும் நூற்றுக்கணக்கான மடங்கு மிகுதியான புள்ளிகள் உள்ளன.

டிஜிட்டல் கேமராக்கள் உச்சத்தில் விற்பனையானது 2010ஆம் ஆண்டு. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி அவ்வாண்டில் உலகெங்கும் அனுப்பப்பட்டவை 12 கோடிக்கும் மேல். கைப்பேசியிலேயே கேமரா வந்த பின்னர், 2023இல் அந்த எண்ணிக்கை 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. அவ்வளவு கேமராக்களும் எங்கே போயின? பெரும்பாலானவை அலமாரிகளிலும் பரண்களிலும் உறங்குகின்றன. அவற்றுள் உண்மையாகவே பழுதானவை ஒரு பகுதியே. எஞ்சியவை பேட்டரிக்காகவும் சரியான கார்டுக்காகவும் காத்திருக்கின்றன.

அறம் பேணும் குடும்பங்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பழைய பிலிம் சுருளில் ஒளியுணரும் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது செலட்டின் என்னும் பசை. அது கால்நடைகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. டிஜிட்டல் முறையில் படம் பிடிக்க அப்பசை வேண்டியதில்லை. எனினும், சில்லும் பலகையும் செய்வதற்கு மண்ணைத் தோண்டி எடுக்கும் உலோகங்களும் மிகுந்த நீரும் மின்சாரமும் செலவாகின்றன. ஆதலின் செய்து முடிக்கப்பட்ட ஒரு கருவியை அதன் ஆயுள் முழுவதும் பயன்படுத்துவதே தீங்கு குறைந்த வழி.

முதற்கடமை: படங்களைக் காத்தல்

பழைய கேமரா கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதன் மெமரி கார்டை வெளியே எடுப்பது. கேமராவை இயக்கிப் பார்க்கும் ஆவலில் பலர் இதை மறந்துவிடுகின்றனர். இயக்கும்போது கார்டை 'ஃபார்மட்' செய்யுமாறு திரையில் ஒரு வினா தோன்றும். பொருள் புரியாமல் இசைவு தந்துவிட்டால், மறைந்த பாட்டனாரின் ஒரே படம் அதில் இருந்தாலும் கைநழுவிப் போகும்.

கார்டைக் கணினியில் செருகி, அதிலுள்ள டிசிஐஎம் என்னும் கோப்புறையை முழுமையாக நகலெடுத்துக்கொள்ள வேண்டும். படங்கள் ஏற்கெனவே அழிந்திருந்தால், அக்கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். அழிக்கப்பட்ட படம் உடனே மறைவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் அவற்றுள் பலவற்றை மீட்க இயலும்.

கேமரா வேறொரு குடும்பத்திடமிருந்து வந்ததாயின், கார்டிலுள்ள படங்கள் அக்குடும்பத்தாருக்கு உரியவை. அவர்களை அறிய முடிந்தால் திருப்பித் தருவதும், முடியாவிடில் பார்த்துக் களிக்காமல் நீக்கிவிடுவதும் முறை. கேமராவுக்குக் கொடுத்த விலையில் பிறர் வீட்டு நினைவுகளின் விலை அடங்காது.

பேட்டரி: பாதி நோய்க்குக் காரணம்

கேமரா இயங்கியவுடன் அணைவது, லென்ஸ் பாதி நீண்டு நின்றுவிடுவது, ஃபிளாஷ் ஏறாமலிருப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலும் மின்சாரக் குறையால் நேர்பவை. லென்ஸை நகர்த்தும் சிறு மோட்டாரும் ஃபிளாஷும் ஒரே கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் விலை குறைந்த கார்பன் பேட்டரிகளால் அதைத் தர இயலாது. கடிகாரம் ஓராண்டு ஓடும் அதே பேட்டரியில் கேமரா ஒரு நிமிடம்கூட ஓடாமல் போவதற்கு இதுவே காரணம். இரண்டு அல்லது நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடும் கேமராவுக்கு, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே ஏற்றது. அதன் அழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே ஆயினும், கேட்ட அளவு மின்னோட்டத்தைத் தளராமல் தரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பேட்டரி அறை. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து, வில்களின் மேல் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ படிந்திருக்கும். அக்கசிவு காரத்தன்மை உடையது, வெறுங்கையால் தொடலாகாது. பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் தடவினால் காரம் முறியும். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மற்றொரு குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். மேலும் மங்கலாக இருப்பின் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்தால் உலோகம் துலங்கும். செத்துவிட்டதாகத் தள்ளப்பட்ட கேமராக்கள் பல இந்தச் சிறு துப்புரவில் எழுந்துவிடுகின்றன.

பேட்டரி மூடியின் சிறு கொக்கி ஒடிந்திருப்பது மற்றொரு பொதுக்குறை. மூடி அழுந்தாவிடில் மின்சாரம் பாயாது. மடித்த காகிதம் ஒன்றை இடையில் வைத்து, ஒரு இரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் போதும். அழகு குறையலாம்; படம் குறையாது.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதனை மின்னேற்றவோ குத்தவோ வெயிலில் வைக்கவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கார்டும் காலமும்

பேட்டரி சரியாகி, கேமரா இயங்கி, திரையில் 'கார்டு எரர்' என்று தோன்றினால் உடனே கருவியை ஐயுற வேண்டியதில்லை. ஏறத்தாழ 2006க்கு முன் வந்த கேமராக்களுக்குத் தெரிந்தவை 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகள் மட்டுமே. அவ்வாண்டில்தான் 4 முதல் 32 ஜிபி வரை கொள்ளும் எஸ்டிஎச்சி வகை வந்தது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய கேமராவோ புதிய கார்டைப் படிக்க அறியாது. இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் 32 ஜிபி கார்டை வாங்கிச் செருகி, கேமரா பழுது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பழைய 1 ஜிபி அல்லது 2 ஜிபி கார்டைத் தேடிச் செருகினால் குறை தீர்ந்துவிடும். கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டு நாக்கு கீழே தள்ளப்பட்டிருந்தாலும் கேமரா படத்தைப் பதிய மறுக்கும்.

கேமராவை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாளும் நேரமும் கேட்கப்படுமாயின், உள்ளே கடிகாரத்தைக் காக்கும் துணைப் பேட்டரி வற்றியிருக்கிறது என்று பொருள். பல கேமராக்களில் அது முதன்மைப் பேட்டரியிலிருந்தே மின்னேறுவது. முழுதும் ஏறிய பேட்டரியை உள்ளே விட்டு ஒரு நாள் வைத்திருந்தால் நினைவு திரும்பக்கூடும். சிலவற்றில் அது பொத்தான் வடிவச் சிறு பேட்டரி, வெளியிலிருந்தே மாற்றலாம். இது அற்பமான குறை என்று பலர் விட்டுவிடுவர். தேதியில்லாப் படம் எத்துணை இழப்புக்குரியது என்பது இவ்வுரையின் இறுதியில் விளங்கும்.

திரை கறுத்தால் எங்கே குறை?

கேமரா இயங்குகிறது, திரை கறுப்பாகவோ ஊதா நிறக் கோடுகளுடனோ தெரிகிறது. இங்கே பூட்டுத் தொழிலாளரின் ஆராய்ச்சி முறை பயன்படும். முதலில் கார்டிலுள்ள பழைய படத்தைத் திரையில் பார்க்க வேண்டும். பழைய படம் தெளிவாகத் தெரிந்தால் திரையும் மின்பலகையும் நலமாக உள்ளன. குறை லென்ஸுக்குப் பின்னாலுள்ள சென்சாரிலோ மூடுதிரையிலோ இருக்கிறது. பழைய படமும் பட்டியும்கூடத் தெரியாவிடில் திரையிலோ அதனை இணைக்கும் தட்டைக் கேபிளிலோ குறை. அவ்வாறாயின் கேமராவைக் கொண்டு ஒரு படம் எடுத்து, கார்டைக் கணினியில் பார்க்க வேண்டும். படம் நன்றாக விழுந்திருந்தால், திரையில்லாமலும் அக்கேமரா பயன் தரும். பார்வைத் துளை உள்ள கேமராவாயின் சிரமமே இல்லை. ஒரு திருகையும் தொடாமல் இரண்டே சோதனைகளில் நோயின் இடம் தெரிந்துவிடுகிறது.

சென்சார் பழுதில் பெயர்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முந்தைய ஆண்டுகளில் சோனி நிறுவனம் செய்தளித்த சில சிசிடி சென்சார்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பழுதாவது வெளிப்பட்டது. சில்லுக்குள்ளிருக்கும் நுண்கம்பி இணைப்புகள் விடுபட்டு, படம் உருக்குலைந்தோ முற்றிலும் கறுத்தோ போயிற்று. அச்சென்சார்களைப் பயன்படுத்திய கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம், ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா முதலிய நிறுவனங்களும் குறிப்பிட்ட மாதிரிகளுக்கு இலவசமாகப் பழுது நீக்கித் தருவதாக அறிவித்தன. அச்சலுகைக் காலம் கடந்துவிட்டது. அக்கேமராக்கள் இன்னும் பழைய பொருள் சந்தையில் உலவுகின்றன. ஊதாக் கோடுகளும் கறுத்த படமும் காட்டும் அக்காலத்துக் கேமராவை வாங்காமல் விடுவதே நலம். வீட்டில் தீராத நோய் அது.

லென்ஸும் தூசியும்

தாடிக்கொம்பைச் சூழ்ந்த சமவெளியில் கோடை வெயிலும் ஆடிக் காற்றும் எழுப்பும் புழுதி எங்கும் படியும். நீண்டு சுருங்கும் லென்ஸ் குழாய்களின் இடுக்கில் ஒரு மணல் துகள் புகுந்தாலும் சக்கரங்கள் திணறும். கேமரா கரகரவென்று ஒலித்து, 'லென்ஸ் எரர்' என்று காட்டி நின்றுவிடும். அப்போது கையால் இழுப்பதோ அழுத்துவதோ கூடாது. உள்ளிருக்கும் நெகிழிப் பற்சக்கரம் ஒரு பல் ஒடிந்தாலும் மீள வழியில்லை.

முழுதும் மின்னேறிய பேட்டரியைப் போட வேண்டும். லென்ஸ் தரையை நோக்கும்படி பிடித்து, இரப்பர் ஊதுகுழலால் இடுக்குகளில் காற்றை ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படிந்து கறையாகும். பின்னர் மெல்லிய காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி இடுக்கில் நகர்த்தினால் துகள்கள் வெளியேறும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்து இயக்கிப் பார்க்கலாம். கீழே விழுந்து குழாய் சாய்ந்த கேமராவுக்கு இம்முறை உதவாது.

மழைக்காலத்தின் பகை பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் மூடிய பையில் கிடக்கும் லென்ஸின் கண்ணாடியில் சிலந்தி வலைபோன்ற மெல்லிழைகள் படரும். வெளிக் கண்ணாடியில் மட்டும் இருந்தால் லென்ஸ் துணியில் சிறிது ஆல்கஹால் தொட்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கலாம். உள்ளே படர்ந்ததைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். விலை குறைந்த கேமராவில் அம்முயற்சி பெரும்பாலும் வீண். வருமுன் காப்பது எளிது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பயன்படுத்தினால் பூஞ்சை அண்டாது. துணிப்பை போதும், தோல் உறை வேண்டியதில்லை, அது ஈரத்தைப் பிடித்துவைக்கவும் செய்யும்.

பேட்டரி அறையில் எறும்புகள் குடியேறியிருப்பதும் உண்டு. பூச்சிமருந்து அடித்தால் உயிர்களும் மடியும், நெகிழியும் கெடும். மூடியைத் திறந்து வெளிச்சமான திண்ணையில் ஒரு வெள்ளைத் துணிமேல் சில மணி நேரம் வைத்து, மென்தூரிகையால் மெல்ல வழிகாட்டினால் அவை தாமே வெளியேறிவிடும்.

தொடக்கூடாத இடம்

இவ்வளவும் செய்து பயனில்லாதபோது, கேமராவின் உடலைத் திறப்பதா என்னும் கேள்வி வரும். இந்த இடத்தில் இளைஞர்கள் கூர்ந்து கேட்டல் வேண்டும்.

ஃபிளாஷ் உள்ள ஒவ்வொரு கேமராவிலும், பெருவிரல் அளவுள்ள உருளை வடிவக் கப்பாசிட்டர் ஒன்று இருக்கும். 3 வோல்ட் பேட்டரியிலிருந்து பெறும் மின்சாரம் ஏறத்தாழ 300 வோல்ட் ஆக உயர்த்தப்பட்டு அதில் சேமிக்கப்படும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ட் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்க. பேட்டரியை நீக்கிய பிறகும் அச்சேமிப்பு உடனே தீர்ந்துவிடுவதில்லை; நெடுநேரம், சில வேளைகளில் நாள்கணக்கிலும் நிலைத்திருக்கக்கூடும். கைபட்டால் கடும் அதிர்ச்சி; கை உதறி மற்றோர் இடத்தில் அடிபடலாம்; இதய நோய் உள்ளவருக்கு உயிராபத்தும் நேரலாம். திருப்புளியால் இரு முனைகளையும் இணைத்தால் தீப்பொறி தெறித்துப் பலகையும் கெடும்.

எனவே மின்னியலில் பயிற்சி இல்லாதவர் கேமராவின் உடலைத் திறக்கலாகாது. பிள்ளைகள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லவும் கூடாது. பயிற்சி உள்ளவர் தக்க மின்தடையைக் கொண்டு சேமிப்பை மெல்ல வடித்து, அளவியால் அளந்து, சுழியம் என்று கண்ட பின்னரே கைவைப்பார். அருகிலுள்ள நகரத்தின் மின்னணுப் பழுதுநீக்கும் கடையில் இதற்குத் தரும் கூலி வீணன்று. வெளிவேலை முழுவதையும் வீட்டில் முடித்து, உள்வேலையை மட்டும் அறிந்தவரிடம் விடுவதே இல்லத்துப் பழுதுநீக்கத்தின் எல்லை.

அறிந்தவர் திறக்கும்போது வீட்டார் உடனிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கேமராவின் திருகுகள் பல நீளங்களில் இருக்கும். சிறிய திருகின் இடத்தில் பெரியதைச் செலுத்தினால் அது பலகையைத் துளைத்துவிடும். அதனால் கழற்றிய வரிசையிலேயே அவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பாட்டிமார் விளையாடிய பல்லாங்குழிப் பலகையைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பதினான்கு குழிகளில் முதலிலிருந்து வரிசையாக இட்டு, திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து எடுத்து வந்தால் ஒரு திருகும் இடம் மாறாது. ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

இத்தனை உழைப்பு எதற்காக?

கைப்பேசியிலேயே நல்ல படம் விழும்போது இந்தப் பழைய கருவி எதற்கு என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. பொருளின் பயன், அதைக் கொண்டு செய்யும் வேலையில் இருக்கிறது. அவ்வேலைக்கு ஒரு சான்று கூறத்தகும்.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர்கால நடராசர் செப்புத் திருமேனி ஒன்று களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதனை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அது சிறீபுரந்தான் திருமேனியே என்று நிறுவ உதவியவை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில் இருந்த பழைய படங்கள். 1955இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், தமிழகத்து ஊர்தோறும் சென்று கோயில்களையும் படிமங்களையும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிந்து வைத்துள்ளது. எடுத்தபோது அவை எளிய ஆவணப் படங்கள். இடமும் காலமும் குறிக்கப்பட்டு இருந்தமையால் 2014இல் ஒரு திருமேனி நாடு திரும்ப அவை துணை நின்றன.

ஊர்ச் சினாலயங்களில் உள்ள செப்புப் படிமங்களுக்கும், பெட்டிகளில் உறங்கும் ஓலைச்சுவடிகளுக்கும், வீட்டுச் சுவரில் மங்கிவரும் ஸ்டூடியோ படங்களுக்கும் இது முற்றிலும் பொருந்தும். முன்பக்கம், பின்பக்கம், பீடத்து எழுத்து, அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல் என நான்கு படங்கள் ஒவ்வொன்றுக்கும் போதும். அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. நிழலான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷை அணைத்து, கேமராவை அசையாத மேசைமேல் வைத்து, பத்து வினாடி தாமதப் பொத்தானைப் பயன்படுத்தினால் பழைய கருவியே தெளிவாகப் பதியும். ஆலயப் பொறுப்பாளரின் இசைவைப் பெற்றுச் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கேமராவின் கடிகாரம் சரியான நாளைக் காட்ட வேண்டியதன் காரணமும் இதுவே. எடுத்த படங்களை இரண்டு இடங்களில் சேமித்து, ஊர், பொருள், நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதி வைப்பது இன்றியமையாதது.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு மேற்கே ஐவர்மலை உள்ளது. அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் சகம் 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டும் காணப்படுகின்றன. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், குணவீரக்குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக்குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, அவற்றின் படையலுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் அமைத்தார் என்பது அதன் செய்தி. ஆண்டைத் தெளிவாகக் குறித்தமையால், இரண்டாம் வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு 862 என்று வரலாற்றறிஞர் உறுதி செய்ய அதுவே அடிப்படை ஆயிற்று. அதில் பதிவானது ஒரு பழுதுநீக்கம். இருந்ததைப் புதுக்கியவர், புதுக்கிய நாளையும் கல்லில் பொறித்து வைத்தார். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இரண்டும் பேசுகின்றன.

இன்றைய உலகின் நிலை வேறாக இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகளின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் எறியப்பட்ட மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 விழுக்காடே. இந்திய அரசு 2022 திசம்பர் 24 அன்று, பழுதுநீக்கும் உரிமைக்கான இணைய வாயிலைத் தொடங்கியது. வாகனங்கள், வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது முதன்மையாகக் கருதுகிறது. உரிமையை அரசு வழங்கலாம். பழக்கத்தை இல்லந்தான் வழங்க வேண்டும். மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாக ஏற்ற குடும்பங்களுக்கு இப்பழக்கம் புதிதன்று. கிழிந்த ஆடையைத் தைத்தும், ஒழுகும் பாத்திரத்துக்கு ஈயம் பூசியும் வாழ்ந்த முன்னோர் வழியில் வந்தவை அவை.

அவையோரிடம் ஒரு வேண்டுகோள். விழா முடிந்து இல்லம் திரும்பியதும் அலமாரியையும் பரணையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய கேமரா கிடைத்தால், முதலில் கார்டை எடுத்துப் படங்களை நகலெடுக்க வேண்டும். அடுத்து, பேட்டரி அறையைத் துடைத்து நல்ல பேட்டரி இட வேண்டும். பிறகு நாளும் நேரமும் சரி செய்து, வீட்டின் மூத்தவரை வாசல் வெளிச்சத்தில் அமர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். உடன் இருக்கும் பிள்ளையிடம் ஒவ்வொரு படியையும் செய்யக் கொடுத்தால், கருவியோடு கைப்பழக்கமும் அடுத்த தலைமுறைக்குச் சேரும். கேமரா எழாவிட்டாலும் குறையில்லை. கார்டிலிருந்து மீண்ட படங்கள் கையில் இருக்கும். கருவியை மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் மனநிறைவோடு ஒப்படைக்கலாம்.